போனி வால்வு: தொறந்து எறங்கணுமா, மூடி எறங்கணுமா?

நீர்க்கோழி_ஈசூன்:
போன ஞாயித்துக்கிழமை சிங்கப்பூர் புலாவ் ஹாந்து தீவுக்கு டைவ் போன போட்டுல ஒரு அண்ணன் என்னோட போனி பாட்டிலப் (மெயின் டாங்க் காத்து தீந்துட்டா மூச்சு விட கூடவே கொண்டுபோற சின்ன ஸ்பேர் சிலிண்டரு) பாத்துட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி "வால்வ மூடிட்டு எறங்குனா அது காத்து இல்ல தம்பி, வெறும் வெயிட்டு"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அன்னிக்குப் பேசாம இருந்துட்டேன், ஆனா மனசு ஆறல. என் செட்டப்பு இதுதான்: மூணு லிட்டர் ஸ்டீல், 200 பார், இடது விலா ஓரமா ரெண்டு கிளிப்புல தொங்குது, தனி ரெகுலேட்டர் (பாட்டில் காத்த மூச்சுக்கு ஏத்த மாதிரி குடுக்குறது), தனி கேஜ் (எவ்வளவு காத்து இருக்குன்னு காட்டுறது), மவுத்பீஸ் கழுத்துல எலாஸ்டிக்குல. போட்டுலயே தொறந்து ஹோஸ்ல காத்த ஏத்திட்டு, திரும்ப மூடிட்டுதான் குதிப்பேன். ஹாந்து கலங்கல்ல ரெகு கொஞ்சங் கொஞ்சமா கசிஞ்சா கண்ணுக்கே தெரியாது, தேவப்படுறப்ப பாட்டில் காலியா இருக்கும். இதுல என்ன தப்பு?

மெர்சிங்_மாமா:
அந்த அண்ணன் நான்தான். இங்க வந்து பொலம்புறதுக்கு பதிலா போட்டுலயே மூஞ்சிக்கு நேரா கேட்ருக்கலாம். சரி, கேட்டுக்க. காத்து தீந்துபோச்சுன்னு எப்பத் தெரியும்? மூச்ச வெளிய விட்டுட்டு அடுத்தத இழுக்குறப்பதான் தெரியும். நெஞ்சுல ஒண்ணும் இருக்காது. அந்த நேரத்துல நீ வால்வத் தேடிப் புடிச்சு, எந்தப் பக்கம் திருப்பணும்னு யோசிச்சு... ஹோஸ்ல ஏத்தி வச்ச காத்து ஒரு முழு மூச்சுக்குக் காணாது. தொறந்து வை. அவ்வளவுதான்.

செம்பவாங்_சிவா:
ரெண்டு பேரும் மொதல்ல எவ்வளவு காத்து வேணும்னு கணக்குப் போடுங்க. 30 மீட்டர்ல அழுத்தம் 4 பார். பயத்துல நிமிசத்துக்கு 30 லிட்டர் இழுக்குற ஆளு அங்க 120 லிட்டர் இழுப்பான். நிதானிக்க ஒரு நிமிசம், அப்புறம் நிமிசத்துக்கு 9 மீட்டர் வேகத்துல மேல வரணும், 5 மீட்டர்ல மூணு நிமிசம் நிக்கணும், எல்லாம் சேத்தா கிட்டத்தட்ட 500 லிட்டர். நீர்க்கோழியோட மூணு லிட்டர் பாட்டில்ல 200 பார்ல 600 லிட்டர் இருக்கு, தாங்கும். 13 கன அடி பாட்டில்ல ஏறக்கொறைய 370தான், நின்னு வர முடியாது. கையடக்கமா விக்கிற 3 கன அடி பாட்டில்ல வெறும் 85 லிட்டர், அந்த ஆழத்துல ஒரு நிமிசம்கூட வராது. சைசுதான் உயிரக் காப்பாத்தும், வால்வு அப்புறம்.

மெர்சிங்_மாமா:
கணக்கெல்லாம் பிரமாதம் வாத்தியாரே. 600 லிட்டரும் மூடுன வால்வுக்குப் பின்னாடி இருந்தா உனக்கு எத்தன லிட்டர்? அதச் சொல்லு.

தெலோக்_பிளாங்கா_அக்கா:
நான் மூடித்தான் எறங்குவேன், காரணம் சொல்றேன். டயாங் தீவுல ஒரு தடவ தொறந்து வச்சுட்டு, குதிக்கிற அவசரத்துல போனி ரெகுவ வாயில வச்சுட்டேன். கேஜப் பாக்குறேன், மெயின் டாங்க் முள்ளு 200லயே நிக்குது. அட, இன்னிக்கு ரொம்ப கம்மியா மூச்சு விடுறோமேன்னு சந்தோசப்பட்டுட்டு இருந்தேன். சட்டுனு இழுக்க இழுக்க காத்து வரல. போனிய முழுசாக் குடிச்சுட்டேன். மூடியிருந்தா மொத ரெண்டு மூச்சுலயே தண்ணிக்கு மேல வச்சே தெரிஞ்சிருக்கும்.

மெர்சிங்_மாமா:
அது வால்வு தப்பில்ல, வாய் தப்பு. மவுத்பீஸ் கலர மாத்துங்க. நான் 1998லேருந்து டைவ் பண்றேன், ஒரு தடவகூட மாத்தி வச்சதில்ல. குவாந்தானுக்கு வெளிய 1941 டிசம்பர் 10ல மூழ்குன ரிபல்ஸ்ங்குற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வரைக்கும் எறங்கிப் பாத்த ஆளு நான்.

தெலோக்_பிளாங்கா_அக்கா:
வாய் தப்பா? பெரியவருன்னு மரியாத குடுத்துப் பேசுறேன், பாத்துப் பேசுங்க. ரிபல்ஸ் கெடக்குறது 50 மீட்டருக்கும் கீழ. அங்க போறவங்க முதுகுல ரெண்டு சிலிண்டரோட போவாங்க, போனி கதையே அங்க இல்ல. இங்க எதுக்கு அது?

காலாங்_குமார்:
பார்ட்னர் ஒழுங்கா பக்கத்துல இருந்தா போனியே தேவையில்ல லா. அவர் ஆக்டோபஸ் (அவர் டாங்க்லயே இருக்குற ஸ்பேர் மவுத்பீஸ்) போதும்.

நீர்க்கோழி_ஈசூன்:
நீங்க பார்ட்னரப் பத்திப் பேசுறீங்களா? தியோமன் தீவுல நுடிபிராங்கு (ஓடில்லாத கடல் நத்தை) போட்டோ எடுக்குறேன்னு என்ன விட்டுட்டுப் போனது யாரு? அதுக்கப்புறந்தான் நான் இந்த பாட்டிலே வாங்குனேன்.

காலாங்_குமார்:
நீ என் துடுப்புக்குப் பின்னாடி இருக்கன்னு நெனச்சேன். அத இன்னமும் சொல்லிட்டு இருக்க. மெர்சிங் போன பெட்ரோல் காசு பாக்கி நிக்குது, அதயும் சொல்லு.

நீர்க்கோழி_ஈசூன்:
காச அன்னிக்கே கோப்பிக்கடையில குடுத்தாச்சு, பக்கத்துல சிவா இருந்தாரு. அத விடுங்க. மாமாண்ணே, நேத்து வீட்ல மாஸ்க் கண்ணாடிய துணியால மறைச்சுக்கிட்டு இடது கைய மட்டும் வச்சு தொறந்து பாத்தேன். பத்து தடவ. ஒவ்வொரு தடவயும் மூணு செகண்டுக்குள்ள. பாட்டில் கண்ணு முன்னாடி தொங்குறப்ப தேடுறதுக்கு என்ன இருக்கு? முதுகுல கட்டியிருந்தா நீங்க சொல்றது சரி.

மெர்சிங்_மாமா:
வீட்ல ஃபேனுக்கு அடியில மூணு செகண்டு. கீழ கை நடுங்குறப்ப கால்வாசி திருப்பு திருப்பிட்டு விட்டுடுவ. பாதி தொறந்த வால்வு மேல நல்லாத்தான் காத்து குடுக்கும், ஆழத்துல இழுத்தா கேஜ் முள்ளு கீழ விழும், மூச்சு வராது. அப்பப் புரியும். தொறந்து வை தம்பி.

செம்பவாங்_சிவா:
ஹாந்துல நாம எறங்குறதே 15, 16 மீட்டர். 30 மீட்டர் கணக்கு தியோமனுக்கும் டயாங்குக்கும். பெட்ரோல் பஞ்சாயத்துக்கு என்ன சாட்சிக்குக் கூப்பிடாதீங்க. யாராச்சும் ஒருத்தராவது உங்க பாட்டில் எத்தன லிட்டர்னு சொல்றீங்களா?

மெர்சிங்_மாமா:
லிட்டர் கேள்வி முடிஞ்சுபோச்சு. நான் கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல. நெஞ்சுல காத்து இல்லாம வால்வத் தொறந்து பாத்தவங்க இங்க யாரு?

தெலோக்_பிளாங்கா_அக்கா:
தெரியாம போனிய முழுசாக் குடிச்சுப் பாத்தவ நான். அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க.

மெர்சிங்_மாமா:
சொல்லிட்டேன். மவுத்பீஸ் கலர்.

நீர்க்கோழி_ஈசூன்:
ஞாயித்துக்கிழமை அதே போட்டுதான். மூடித்தான் குதிப்பேன், உங்க பக்கத்துல நின்னே குதிப்பேன்.

மெர்சிங்_மாமா:
வா. குதிக்கிறதுக்கு முன்னாடி நானே வந்து தொறந்து விடுறேன்.

நீர்க்கோழி_ஈசூன்:
என் பாட்டில் மேல கை வச்சுப் பாருங்க அண்ணே.