கம்பத்திலிருந்து ஒரு கேள்வி: நியூட்ரான் விண்மீன் மோதல்

கேள்வி: தேனி மாவட்டம் கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறேன். இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்களின் மிக அடர்த்தியான மிச்சங்கள்) மோதியது 2017 ஆகஸ்ட் 17-ல் பூமியில் பதிவானதைப் பற்றி நேற்றுதான் படித்தேன், தூக்கமே வரவில்லை. ஈர்ப்பலை, அதாவது அந்த மோதல் வெளியில் எழுப்பிய அதிர்வலை, வந்து சேர்ந்தபோது நமக்கு மாலை 6.11. பந்தலுக்குக் கீழே நின்றிருப்பேன். அலையும் ஒளியும் எப்படிச் சேர்ந்து கிடைத்தன, அண்ணே?

பதில்: தம்பி, அமெரிக்காவின் ஈர்ப்பலை உணர்கருவியான லைகோவில் சுமார் 100 விநாடி அதிர்வு. அது முடிந்த 1.7 விநாடியில் ஃபெர்மி செயற்கைக்கோளில் காமாக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத, ஆற்றல் மிகுந்த ஒளி. 13 கோடி ஒளியாண்டு ஓடிவந்தும் அவ்வளவுதான் இடைவெளி! இத்தாலியின் ஈர்ப்பலை உணர்கருவியான விர்கோவில் சிக்னல் மிக மங்கல்; அதற்குச் சரியாகக் கேட்காத திசையிலிருந்து அலை வந்திருக்கிறது என்று அந்த மங்கலே திசையைச் சுருக்கிக் கொடுத்தது.

இன்னொரு பதில்: அப்புறம் சுமார் 11 மணி நேரத்தில் சிலி நாட்டிலுள்ள ஸ்வோப் தொலைநோக்கி அந்த மோதலின் ஒளியைப் பிடித்தது. முதலில் நீலம், சில நாளில் சிவப்பு.

கேள்வி கேட்டவர்: மாலை 6.11-க்கு அலை வந்தபோது அந்த இடம் எங்கள் வானில் எந்தப் பக்கம்?

பதில்: தென்மேற்கு. உங்கள் குமுளி மலைக்கு மேலே, நல்ல உயரத்தில்.