அப்பாவின் வலது கைக்காகச் செபியுங்கள்

இயேசுவுக்கே புகழ்! பங்கு மக்கள், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் நம் அன்பியத்தின் உறவுகள் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு 12 நாள். விடியற்காலையில் வாய் கோணியது. அசதி என்று நினைத்துக் காபி கொடுத்துப் படுக்க வைத்துவிட்டோம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். மதுரை போய்ச் சேர்வதற்குள் அது கடந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

ஆத்தங்குடியில் 30 வருடமாகத் தரைக்கல் போட்டவர். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டைப் பூப்பூவாக ஊற்றிய கை. இப்போது அதில் கரண்டி நிற்கவில்லை. பேச்சும் குழறுகிறது. செபமாலையை மட்டும் இடது கையால் விடாமல் உருட்டுகிறார்.

நேற்றுப் பங்குத்தந்தை வந்து, எண்ணெய் பூசிச் செபித்து நோயில்பூசுதல் கொடுத்தார். நேற்றிரவுதான் நிம்மதியாகத் தூங்கினார். மாத்திரையும் பிசியோதெரபியும் தொடர்கின்றன.

இந்த வார அன்பியக் கூட்டத்தில் அவருக்காக ஒரு செபமாலை சொல்லுங்கள். ஓரியூர் போகிறவர்கள், 1693-ல் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக இரத்தம் சிந்திய அந்தச் செம்மணலில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து தாருங்கள். அப்பாவுக்கு அவர்மேல் உயிர். கை அசைந்ததும் அங்கே கூட்டிவருவதாக நேர்ந்திருக்கிறேன்.