பின்னதிர்வா, பின்னதிர்ச்சியா, பின்விளைவா?

வணக்கம் நண்பர்களே,

பெரிய நிலநடுக்கம் வந்து போன பிறகு அதே வட்டாரத்தில் மறுபடி மறுபடி வரும் நடுக்கங்களை (ஆங்கிலத்தில் aftershock) தமிழில் 'பின்விளைவு' என்று எழுதலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. சுனாமி, நிலச்சரிவு, ஈர மணல் இளகிக் கட்டடம் அமிழ்வது, இதெல்லாம்தான் பின்விளைவு. நாம் பெயர் தேடுவது இன்னொரு நிலநடுக்கத்துக்கு. பாறைப் பிளவு ஒரு தடவை வழுக்கினால் சுற்றியுள்ள பாறைகளின் இறுக்கம் மாறிவிடும். அவை புது நிலைக்கு அமரும்வரை அங்கங்கே உடையும், நிலம் ஆடும்.

'பின்னதிர்ச்சி' புழக்கத்தில் இருக்கிறது, சரி. ஆனால் அதிர்ச்சி என்ற சொல்லை மனத்துக்கென்றே கொடுத்துவிட்டோம். "பின்னதிர்ச்சியில் மக்கள்" என்று தலைப்புப் போட்டால் ஆடியது நிலமா, மனமா?

நிலநடுக்கத்தோடு ஒட்டிப்போகும் என்று 'நடுக்கம்' சேர்த்தும் எழுதிப் பார்த்தேன். புணர்ந்தால் பின்னடுக்கம். கண் அதைப் பின் + அடுக்கம் என்றே பிரிக்கிறது. பாறை அடுக்குகளைப் பற்றிய கட்டுரையில் இந்தச் சொல் வந்தால் படிப்பவர் தடுமாறத்தான் செய்வார்.

என் தேர்வு 'பின்னதிர்வு'. தனிக்குறிலுக்குப் பின் வரும் ஒற்று இரட்டித்து இயல்பாகப் புணர்கிறது. பெரிய நடுக்கத்துக்கு முன்னால் வருவதற்கு முன்னதிர்வு, அந்தப் பெரிய நடுக்கத்துக்கு முதன்மை அதிர்வு என்று கூடவே இரண்டு சொற்களும் கிடைக்கின்றன.

ஒரு தயக்கம் உண்டு. 'அதிர்வு' என்றதும் லேசானது என்று நினைத்துவிடுவார்கள். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தது. 17 நாள் கழித்து, மே 12 அன்று வந்த பின்னதிர்வின் அளவு 7.3. அதில் மட்டும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அதனால் சொல் விளக்கத்தில் 'சிறிய' என்ற அடைமொழி கூடவே கூடாது. 'முதன்மை அதிர்வைவிடக் குறைந்த அளவுள்ள' என்றுதான் எழுத வேண்டும்.

முதன்மை எது என்பதும் பிறகுதான் தெரியும். ஜப்பானின் குமமோட்டோவில் 2016 ஏப்ரல் 14 அன்று வந்ததை முதன்மை என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். 16ஆம் தேதி அதைவிடப் பெரியது வந்ததும் முந்தையது முன்னதிர்வாகிவிட்டது.

அப்புறம் ஒன்று. முதன்மை என்று எதுவும் தனித்துத் தெரியாமல் கூட்டமாக வருபவற்றுக்கு 'அதிர்வுக் கொத்து' பொருந்துமா? 'தொடர் அதிர்வு' என்றால் பின்னதிர்வோடு குழம்பும் என்று தோன்றுகிறது.