கோயில் வாசலில் விழுந்த கடல்பறவை: என்ன செய்வது?

செந்த்லூயி_பேத்தி:
வணக்கம். நேற்றிரவு இங்கே ரீயூனியன் தீவில், எங்கள் கோயிலில் வருடப்பிறப்பு வேலையை முடித்துக் கிளம்பும்போது விளக்குக் கம்பத்தடியில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. புறாவைவிடக் கொஞ்சம் பெரிது, மேலே சாம்பல், வயிறு வெள்ளை, கறுத்த அலகின் நுனி வளைந்திருக்கிறது. காயம் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் எழும்ப முடியாமல் நீண்ட இறக்கையைத் தரையில் அடித்துக்கொண்டே இருந்தது. பெரியம்மா சோறும் தண்ணீரும் வைத்தார், தொடவில்லை. இப்போது வீட்டில் கூடையில் இருக்கிறது. கடற்கரையில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?

மலையடிவாசி:
வேண்டாம் தங்கச்சி, நீங்களாக விடாதீர்கள். சொல்வதைப் பார்த்தால் பாரோ பெட்ரல் என்ற கடல்பறவையின் குஞ்சு. துளை போட்ட அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, இருட்டான இடத்தில், பூனை நாய் நெருங்காமல் வையுங்கள். தீனி, தண்ணீர் இரண்டும் வேண்டாம். உடனே சியோர் பறவைச் சங்கத்தைக் கூப்பிடுங்கள், அவர்கள் சோதித்துப் பார்த்துப் பறக்க விடுவார்கள். உடம்பு முழுக்கக் கரும்பழுப்பாக இருந்தால் அது மாஸ்கரீன் பெட்ரல். உலகத்திலேயே நம் தீவில் மட்டும் முட்டையிடும் மிக அரிய பறவை, அப்படியானால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

செந்த்லூயி_பேத்தி:
நன்றி அண்ணா, கூப்பிட்டுவிட்டேன். வயிறு வெள்ளைதான். கடல்பறவை கோயிலுக்கு ஏன் வந்தது?

கடலோரம்:
கோயிலைத் தேடி வரவில்லை, வெளிச்சம் இழுத்திருக்கிறது. பாரோ பெட்ரல் பிட்டோன் தே நேஜ் மலையுச்சியை ஒட்டிய செங்குத்துச் சரிவுகளில், 2,000 மீட்டருக்கும் மேலே, பொந்து தோண்டி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். உலகத்தில் உள்ள இந்த இனத்தில் கிட்டத்தட்ட எல்லாமே இங்கேதான். காற்றை வெட்டுகிறவன் என்று இங்குள்ள கிரியோல் மொழியில் இதற்குப் பெயர், கடல்மேல் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். ஏப்ரலில் குஞ்சு முதன்முதலாக, அதுவும் இரவில், கடலை நோக்கி இறங்கும்போது தெருவிளக்கும் மைதான விளக்கும் அதைக் குழப்பிவிடுகின்றன. சமதரையில் விழுந்தால் பெரும்பாலும் திரும்ப எழும்ப முடியாது, அப்புறம் வண்டியோ நாயோ பூனையோ முடித்துவிடும். மேலே பொந்திலேயே எலியும் பூனையும் தின்கின்றன, அதிலும் தப்பித்து வந்தது இது. அதனால்தான் ஏப்ரலில் விளக்கணைக்கும் இரவுகள் நடத்துகிறார்கள். நம் வருடப்பிறப்பும் அதே மாதம் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. பூசை முடிந்ததும் கோபுர விளக்கை அணைக்கும்படி கோயில் தலைவரிடம் கேளுங்கள். சாமிக்கு உள்ளே எரியும் விளக்கு இருக்கிறது.

செந்த்லூயி_பேத்தி:
பெட்டியை வாங்கிப் போய்விட்டார்கள். நல்ல எடை இருக்கிறதாம். தலைவரிடமும் பேசினேன், இன்றிரவிலிருந்து பத்து மணிக்குக் கோபுர விளக்கு அணையும்.

மலையடிவாசி:
ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. அணைப்பதற்கு முன்னால் வெளியே நிற்கும் கார்களுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், விழுந்தவை அங்கேதான் ஒளிந்துகொள்ளும்.