ஒரே இழப்பு: அப்பாவுக்கு பக்தி வந்தது, எனக்குப் போய்விட்டது

தனிவழி (கேள்வி):
அம்மா ரொம்ப நாள் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். அதுவரை வீட்டில் அதிகம் கும்பிட்டது நான்தான், அப்பா பேருக்குக் கைகூப்புவார். இப்போது தலைகீழாகிவிட்டது. அவர் காலையும் மாலையும் பிரார்த்தனையில் உட்காருகிறார், முகத்தில் ஒரு தெளிவுகூடத் தெரிகிறது. நான் கண்ணை மூடினால் கோபம்தான் வருகிறது. இரண்டு பேரும் ஒரே கட்டில் பக்கத்தில்தானே நின்றோம்? அப்படியென்றால் நம்பிக்கை என்பது அந்தந்த நேரத்துக்கு மனசுக்குத் தேவைப்படுவது மட்டும்தானா? "நீயும் வந்து உட்காரேன்" என்று அப்பா கூப்பிடும்போது என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

மாலைவெயில்:
அம்மாவின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்.

அதிகம் கும்பிட்டவர் நீங்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். உலகம் நல்லது, நடப்பதற்கெல்லாம் அர்த்தம் உண்டு, நான் நல்லது நடக்கத் தகுதியான ஆள்: இந்த மூன்றையும் நாம் யோசிக்காமலே நம்பி வாழ்கிறோம், பெரிய அடி விழும்போது உடைவது இவைதான் என்று ரோனி ஜானஃப்-புல்மன் என்ற உளவியலாளர் 1992இல் விரிவாக எழுதினார். 'கும்பிட்டால் காப்பாற்றுவார்' என்று நம்பியிருந்தால் கோபம் கடவுள் மேல்தான் திரும்பும். உங்கள் அப்பா அப்படி எதையும் எதிர்பார்த்திருக்க மாட்டார், அதனால் ஏமாறவும் இல்லை. இப்போது அவர் தேடுவது துணையாக இருக்கலாம்.

இன்னொன்று, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. சூலை நோய்தான் திருநாவுக்கரசரைச் சமணத்திலிருந்து சைவத்துக்குத் திருப்பியது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் பெரியபுராணத்தில் வலி தாங்காமல் அவர் தேடிப் போனது அக்கா திலகவதியாரை. நோய் மட்டும் வந்து அக்கா இல்லாமல் இருந்திருந்தால் அவர் எந்தப் பக்கம் போயிருப்பாரோ!

கரையோரம்:
ஒரு சம்பவம்தான் ஆளை மாற்றியது என்பதை நான் அவ்வளவாக ஏற்கமாட்டேன். 1851இல் பத்து வயது மகள் ஆனி இறந்ததும் டார்வின் நம்பிக்கை இழந்தார் என்பார்கள். அவரே தன் வரலாற்றில், அவநம்பிக்கை தன்னிடம் மிக மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது என்று எழுதியிருக்கிறார். உங்களுக்குள்ளும் ஏதோ கேள்வி முன்பே இருந்ததா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆனால் தேவை என்று நீங்கள் சொன்னதில் உண்மை உண்டு. நியூசிலாந்தில் பொதுவாக மதப்பற்று குறைந்துகொண்டிருந்த காலத்தில், 2011 கிரைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களிடம் மட்டும் அது கூடியதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். தேவையால் வந்தது என்பதற்காக அது பொய்யாகிவிடாது, மெய் என்றும் ஆகிவிடாது. அது தனி வழக்கு.

தனிவழி:
முன்பே இருந்ததா... இருந்தது. அம்மா நன்றாக இருந்தவரை அதைத் தொடவே எனக்குத் தைரியம் வரவில்லை. சரி, அப்பாவை என்ன செய்வது?

மாலைவெயில்:
கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். "என்னால் கும்பிட முடியலப்பா, உங்க கூட இருக்கேன்" என்று சொல்லிவிட்டே உட்காருங்கள், நடிக்க வேண்டாம். அவர் அந்த நேரத்தில் என்ன கேட்கிறார், யாரிடம் பேசுகிறார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள், பாதி நேரம் அம்மாவிடம்தான் பேசிக்கொண்டிருப்பாரோ என்னவோ. கோபம் மட்டும் குறையாமல் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.