புதுப்பிப்பு: குழந்தைகள் வார்டுக்கு மகள் பொம்மை கொடுக்கலாமா என்று கேட்டிருந்தேன்

போன மாதம் கேட்டது சுருக்கமாக: ரத்தப் புற்றுநோய் திரும்பாமலிருக்கக் கொடுக்கும் பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கும் என் மகள், 15 வயது, தான் படுத்திருந்த குழந்தைகள் வார்டுக்கே ஏதாவது செய்ய ஆசைப்பட்டாள். வீட்டில் இருந்த கரடி பொம்மைகளை எடுத்துப்போனோம். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "எதையும் வாங்கும் முன் வார்டு நர்ஸிடம் பட்டியல் கேளுங்கள்" என்ற யோசனைதான். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்த பிள்ளைகளைக் காய்ச்சலில் தள்ள, பழைய துணிப் பொம்மையில் ஒட்டிவரும் கிருமியே போதுமாம். பூங்கொத்தும் அதே காரணத்தால் கூடாது. லேடெக்ஸ் பலூனுக்கு ஒவ்வாமை பயத்தால் தடை. துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய, உறை பிரிக்காத புதுப் பொருள் மட்டும் சரி. பட்டியலில் முதலிடம் எதற்குத் தெரியுமா? நீளமான சார்ஜர் வயருக்கு. கட்டிலுக்கும் பிளக்குக்கும் அவ்வளவு தூரம்! அப்புறம் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான புதிர்ப் புத்தகம். சின்னக் குழந்தைகளுக்குத்தான் எல்லோரும் கொடுக்கிறார்களாம்.

எதிர்பாராதது ஒன்று. போர்ட்டில் (மருந்து ஏற்ற மார்பில் தோலுக்கு அடியில் பொருத்தும் சின்னக் கருவி) ஊசி ஏற்றுவதைப் பற்றிப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா என்று மகளையே கேட்டார்கள். மரத்துப்போகும் களிம்பை ஒரு மணி நேரம் முன்பே தடவுவது, மேலே ஒட்டுப் படலம் போடுவது எல்லாவற்றையும் செல்போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். நேரில் போகவில்லை, அந்த வாரம் அவளுக்கே வெள்ளணு எண்ணிக்கை குறைவு. ஊசியைவிட அந்த ஒட்டுப் படலத்தை உரிப்பதுதான் எரிச்சல் என்று அவள் சொன்ன இடத்தில் நர்ஸ் சிரித்துவிட்டாராம்.