ஒயில் கேட்ச் கேன் பூட்டினதுல இருந்து ஐட்லிங் ஆடுது, கேனுக்குள்ள வெள்ளைக் கசடு. ஹெட் கேஸ்கட் போயிருச்சா?

லிந்துலை_ஹேட்ச்:

வணக்கம் அண்ணன்மாரே. கார் 2018 மாடல் ஹேட்ச்பேக். 1000 சிசி, மூணு சிலிண்டர், டர்போ பெற்றோல், டிரெக்ட் இன்ஜெக்ஷன். ஓட்டம் பெரும்பாலும் லிந்துலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவுலதான். காலையில ஸ்கூலுக்குப் போறது, பின்னேரம் திரும்புறது. என்ஜின் சூடேறுறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடும். எப்பவாவது ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை வழியா கொழும்புக்கு இறங்குவேன்.

போன சர்விஸ்ல இன்டேக் பைப்பைக் கழட்டினப்போ உள்ளே ஒயில் படிஞ்சிருந்துச்சு. டிரெக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின்ல வால்வு மேல பெற்றோல் படாது, அதனால கழுவுப்படாது, ஒயில் பட்டா கரியா இறுகிடும்னு படிச்சிருந்தேன். அதான் அந்த ஒயில் ஆவி இன்டேக்குக்குப் போக முந்திப் பிடிச்சு வைக்கிற கேட்ச் கேன் ஒண்ணு வாங்கி ஒரு கராஜ்ல பூட்டினேன். அரை லீற்றர் அலுமினியம் கேன், உள்ளே ஸ்டீல் வலை, மூடியில சின்ன ஃபில்டர் ஒண்ணு. பிசிவி வால்வுல (என்ஜின் அடிப்பெட்டி, அதான் கிராங்க் கேஸ், ஆவியை வெளியே விடுற வால்வு) இருந்து இன்டேக் மெனிஃபோல்டுக்கு (சிலிண்டருக்குக் காத்தைப் பிரிச்சுக் குடுக்கிற குழாய்) போற ஹோஸை வெட்டி நடுவுல வச்சிருக்காங்க. கேன் இருக்கிறது முன்னால, ரேடியேட்டர் ஓரமா, பம்பருக்குக் கிட்ட.

அதுக்குப் பிறகு ஐட்லிங் ஒரு இடத்துல நிக்கிறதில்லை. 700ல இருந்து 1000 ஆர்பிஎம் வரைக்கும் ஏறி ஏறி இறங்குது. பொனட்டைத் திறந்தா மெல்லிசா விசில் சத்தம். செக் என்ஜின் லைட் எரியுது, கோட் பி0171, அதாவது காத்துக்குப் பெற்றோல் போதல்லைன்னு அர்த்தம். நானுஓயா ஏற்றம் ஏறி நுவரெலியா போய் நிப்பாட்டிப் பார்த்தா பொனட்டுக்கு அடியில ஒயில் தெறிச்ச அடையாளம். கேனைத் திறந்தா கறுப்பு ஒயில் இல்லை, தயிர் கடைஞ்ச மாதிரி வெள்ளையும் மஞ்சளுமா ஒண்ணு.

கராஜ்ல "ஒயில்ல தண்ணி கலந்திருக்கு, சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கட் போயிருச்சு, ஹெட்டைக் கழட்டணும்"னு சொல்றாங்க. ஒரு வாத்தியார் சம்பளத்துல அது லேசுப்பட்ட செலவில்லை. கழட்ட விடவா?

ஹட்டன்_ஸ்பேனர்:

தம்பி, இப்போதைக்கு ஹெட்டைத் தொட விடாதீங்க. உங்ககிட்ட இருக்கிறது ரெண்டு தனித்தனி விஷயம். ரெண்டும் ஒரே நேரத்துல கண்ணுல பட்டதால ஒண்ணாத் தெரியுது.

முதல்ல வெள்ளைக் கசடு. ஒரு லீற்றர் பெற்றோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணி உண்டாகும். அதுல கிட்டத்தட்ட எல்லாமே சைலன்சர் வழியா ஆவியாப் போயிடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கிராங்க் கேஸுக்குள்ள இறங்கும். கொழும்புல அரை மணி நேரம் ஓடுற காருக்கு ஒயில் நல்லாச் சூடாகி அந்த ஈரமும் ஆவியாகி பிசிவி வழியா வெளியேறிடும். நீங்க ஓடுறது சில கிலோமீற்றர், அதுவும் காலைப் பனியில. ஈரம் வெளியேற நேரமே இல்லை. வெளியேறுற கொஞ்சமும் பம்பர் ஓரத்துல குளிர்காத்துல இருக்கிற அலுமினியத்துல பட்டுத் தண்ணியாகுது, ஒயிலோட கலந்து வெள்ளையாகுது. நம்ம பக்கத்துல இந்த வேலை செய்ற எல்லாக் கேன்லயும் இதைப் பார்க்கலாம். கேன் இல்லாத கார்லயும் ஒயில் மூடியைக் கழட்டினா அடியில இதே கசடு ஒட்டியிருக்கும்.

கேஸ்கட்தானான்னு சந்தேகம் தீர வழி இருக்கு. காலையில ஸ்டார்ட் பண்ண முந்தி கூலன்ட் மட்டத்துல ஒரு கோடு போட்டு வையுங்க. குறையுதான்னு ஒரு கிழமை பாருங்க. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்க, கேஸ்கட் போயிருந்தா கேன்ல மட்டும் இல்லாம என்ஜின் அடியில சம்ப்ல இருக்கிற ஒயிலே பால் நிறமா மாறியிருக்கும். அதுக்கும் மேல உறுதி வேணும்னா ரேடியேட்டர் வாயில வச்சுப் பார்க்கிற நீலத் திரவம் இருக்கிற கராஜுக்குப் போங்க. எரிஞ்ச வாயு கூலன்டுக்குள்ள வந்தா அந்த நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழட்டுற செலவுக்கு முன்னால இந்தச் சோதனைச் செலவு ஒண்ணுமே இல்லை.

ரெண்டாவது, ஐட்லிங். எனக்குச் சந்தேகம் மூடி மேல இருக்கிற அந்தச் சின்ன ஃபில்டர்தான். ஏர் கிளீனர் பெட்டி வாயில உள்ளே போற காத்தை அளக்கிற மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கா? ஸ்கேனர்ல ஃபியூவல் டிரிம் (கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிற வீதம்) எவ்வளவு காட்டுதுன்னு ஐட்லிங்ல ஒருக்கா, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு வச்சு ஒருக்கா பார்த்து இங்க போடுங்க.

பண்டாரவளை_டீசல்:

என் கருத்தை வெளிப்படையாச் சொல்றேன், கோவிச்சுக்க வேணாம். சின்ன என்ஜினுக்கு இந்தக் கேனே தேவையில்லை. ஒயிலைக் கம்பனி சொன்ன தரத்துல போட்டு, சொன்ன கிலோமீற்றருக்கு முன்னாலயே மாத்துங்க. கிழமைக்கு ஒருக்கா நல்லா சூடேற ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டுங்க. வால்வுல கரி பிடிச்சாலும் வால்நட் ஓட்டுத் தூளை அடிச்சு எடுக்கிற வேலை இருக்கு.

இன்னொண்ணு, டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்க. டிரெக்ட் இன்ஜெக்ஷன் என்ஜின் குளிர்ல குறுகின தூரம் ஓடினா பெற்றோல் ஒயிலோட கலக்கும். மட்டம் ஏறியிருந்து பெற்றோல் மணமும் அடிச்சா அதுதான் அவசரமாக் கவனிக்க வேண்டியது. அதுக்குக் கேட்ச் கேன் மருந்தில்லை.

வவுனியா_டர்போ:

தம்பி, ஹட்டன் அண்ணை சொன்னது சரி. நான் ஒரு கேள்வி கேக்கிறன். ஹோஸை வெட்டேக்க பழைய பிசிவி வால்வை இருந்த இடத்திலயே விட்டவையோ, இல்லாட்டி கழட்டிப்போட்டினமோ? சில பேர் "கேன் இருக்குத்தானே" எண்டு அதை எடுத்துப்போடுவினம். டர்போ காரில அது பெரிய ஆபத்து. பூஸ்ட், அதாவது டர்போ அழுத்தம், வரேக்க மெனிஃபோல்டு அழுத்தம் நேரா கிராங்க் கேஸுக்குள்ள போகும், டிப்ஸ்டிக் கிளம்பும், ஒயில் சீல் எல்லாம் கசியும். முதல்ல அதைப் பாருங்கோ.

லிந்துலை_ஹேட்ச்:

எல்லாருக்கும் நன்றி. கேட்டதைப் பார்த்துட்டேன்.

பிசிவி வால்வு என்ஜின் மூடியிலயே இருக்கு, தொடல்லை. மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கு, ஏர் கிளீனர் பெட்டிக்கு அடுத்தாப்ல. கூலன்ட் போட்ட கோட்டுலயே நிக்குது. டிப்ஸ்டிக்ல ஒயில் தேன் நிறம், பால் நிறம் இல்லை. மட்டம் மேல் கோட்டை விடக் கொஞ்சூண்டு கூட, லேசா பெற்றோல் வாசமும் இருக்கு.

லோங் டேர்ம் ஃபியூவல் டிரிம் ஐட்லிங்ல +21, 2500ல பிடிச்சா +4.

ஹட்டன்_ஸ்பேனர்:

அந்த ரெண்டு நம்பரும் கதையைச் சொல்லிடுச்சு. +21ன்னா கம்பியூட்டர் தான் கணக்குப் போட்டதை விட 21 வீதம் பெற்றோலைக் கூட்டி ஊத்துது. ஏன்னா சென்சார் எண்ணாத காத்து எங்கேயோ உள்ளே வருது. ஐட்லிங்ல என்ஜின் இழுக்கிற காத்தே கொஞ்சம், அதனால சின்ன ஓட்டைகூட பெரிய பங்கு. 2500ல நிறையக் காத்து போகுது, அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. பெற்றோல் பம்ப்லயோ இன்ஜெக்டர்லயோ பிரச்சினையா இருந்தா வேகம் கூடக் கூட டிரிமும் கூடியிருக்கும். உங்களுக்குத் தலைகீழா இருக்கு, ஆகவே வெக்கியூம் கசிவு.

பொனட்டுக்கு அடியில தெறிச்ச ஒயிலும் அதே இடத்தைத்தான் காட்டுது. உங்க கேன் இருக்கிறது பிசிவி வால்வுக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவுல. ஐட்லிங்ல மெனிஃபோல்டு இழுக்கும், மூடி ஃபில்டர் வழியா எண்ணாத காத்து உள்ளே போகும், அதுதான் விசில். நானுஓயா ஏற்றத்துல டர்போ ஊதும்போது அதே மெனிஃபோல்டு அழுத்தம் கேனுக்குள்ள திரும்பி வரும். பிசிவி வால்வு மூடிக்கிட்டதால அதுக்குப் போக்கிடம் மேல இருக்கிற ஃபில்டர்தான். ஒயிலையும் சேர்த்துத் துப்பும்.

அந்த ஃபில்டர் வெளிக்காத்துல திறந்து விடுற ரேஸ் காருக்குரியது. மெனிஃபோல்டோட சேர்ந்த மூடின சுற்றுல அது வரவே கூடாது. கழட்டிட்டு அதே திரெட்டுக்கு ஒரு போல்ட் போட்டு, கொப்பர் வாஷரோட இறுக்குங்க. கேன் மூடி ஓ-ரிங்குக்கு ஒயில் தடவி ஒழுங்கா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. பிறகு மெனிஃபோல்டு பக்க ஹோஸைத் துணி சுத்தின பிளையரால நெரிச்சுப் பாருங்க. நெரிச்ச உடனே ஐட்லிங் அடங்கினா கசிவு கேன் பக்கம் இன்னும் இருக்கு. அடங்காட்டி கசிவு வேற இடத்துல.

ஒரு விஷயம் கூட. வருஷா வருஷம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போறோமே, அங்க திறந்த ஃபில்டரோட, செக் என்ஜின் லைட்டோட போய் நிக்க வேணாம்.

லிந்துலை_ஹேட்ச்:

அண்ணே, கை குடுங்க! ஃபில்டரைக் கழட்டி போல்ட் போட்ட நிமிஷமே விசில் நின்னுருச்சு. பி0171 கோடை ஸ்கேனர்ல அழிச்சிட்டு ஓட்டினேன், லைட் திரும்ப வரல்லை. ஐட்லிங் டிரிம் இப்போ +3. ஒயிலும் ஃபில்டரும் மாத்திட்டேன், பெற்றோல் வாசம் இல்லை. பண்டாரவளை அண்ணனுக்கும் நன்றி, அதை நான் கவனிச்சே இருக்க மாட்டேன்.

ஆனா புதுசா ஒண்ணு. கினிகத்தேனையில இருந்து கித்துல்கலைக்கு செக்கன்ட் கியர்ல இறக்கிட்டு வந்து நிப்பாட்டி பொனட்டைத் திறந்தா, கேனுக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவுல இருக்கிற ஹோஸ் வளைவுல தட்டையா ஒட்டிக் கிடந்துச்சு. கொஞ்ச நேரத்துல தானா உப்பிடுச்சு. இது எதனால?

வவுனியா_டர்போ:

அது தண்ணி ஹோஸ். கராஜில கிடந்ததை வெட்டிப் போட்டிருப்பினம். இறக்கத்தில கியரில விட்டு வரேக்க திரொட்டில் மூடியிருக்கும், என்ஜின் வேகமாச் சுத்தும். மெனிஃபோல்டு ஆகக் கூட இழுக்கிற நேரம் அதுதான். சூட்டில இளகின மெல்லிய ரப்பர் அந்த இழுவையைத் தாங்காது. அதோட தண்ணி ஹோஸ் ரப்பருக்கு ஒயில் ஒத்துக்கொள்ளாது, உள்ளுக்கு ஊதி உரியத் தொடங்கும். உரிஞ்ச துண்டு இன்டேக்குக்குள்ள போறது நல்லதில்லை.

நைட்ரைல் ரப்பர், நூல் பின்னின ஒயில் ஹோஸ் எண்டு கேட்டு வாங்குங்கோ. உள் விட்டம் பழைய ஹோஸ் அளவே இருக்கவேணும், சின்னனாக்கினா கிராங்க் கேஸ் மூச்சு விடாது. வளைவு இறுக்கமா வந்தா எல்போ போடுங்கோ. ஸ்க்ரூ கிளிப் நாலு முனையிலயும். முடிஞ்சா கேனுக்கும் மெனிஃபோல்டுக்கும் நடுவில ஒரு வழி வால்வு ஒண்டு, அம்புக்குறி மெனிஃபோல்டைப் பார்த்தபடி. பிறகு பூஸ்ட் கேனுக்குள்ள திரும்பி வராது, மூடியும் ஓ-ரிங்கும் சிரமப்படாது.

நுவரெலியா_ஏற்றம்:

நானும் இதே மாதிரி டர்போ பெற்றோல்தான் வச்சிருக்கேன், அதனால ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். இந்தக் கேன் ஏற்றத்துல ஒண்ணும் பிடிக்காது. டர்போ ஊதும்போது பிசிவி வால்வு மூடிடும், அப்போ வர்ற ஒயில் ஆவி எல்லாம் இன்னொரு ஹோஸ் வழியா டர்போவுக்கு முன்னால இருக்கிற இன்டேக் பைப்புக்குத்தான் போகும். லிந்துலையில இருந்து நுவரெலியாவுக்கு ஏறுறப்போ வேலை செய்றது அந்த வழி. இறக்கத்துலயும் ஐட்லிங்லயும் வேலை செய்றதுதான் உங்க கேன் இருக்கிற வழி.

அதுக்காக உடனே ரெண்டாவது கேன் வாங்க ஓட வேணாம். டர்போ இன்லெட் பைப்பைக் கழட்டி வெள்ளைத் துணியால துடைச்சு வையுங்க. அடுத்த ஒயில் மாத்துறப்போ திரும்பத் துடைச்சுப் பாருங்க. லேசா ஈரம்னா அது எல்லாக் கார்லயும் இருக்கிறதுதான், விட்டுடலாம். பைப் வளைவுல ஒயில் தேங்கி நின்னா யோசிக்கலாம்.

கேனைக் காலி பண்றதுல அசட்டையா இருக்காதீங்க. நுவரெலியா 1868 மீற்றர், இங்க ஜனவரியில புல் மேல உறைபனி விழுது. லிந்துலையும் அந்தக் குளிருக்குக் கிட்டத்தான். ஹோஸ் எங்கேயும் தொய்வா தொங்காம கேனைப் பார்த்துச் சரிவா இறங்கணும், தொங்கின இடத்துல தண்ணி நின்னு வழியை அடைக்கும். பனிக்காலத்துலயும் ஜூன் ஜூலை மழையிலயும் 500 கிலோமீற்றருக்கு ஒருக்கா திறந்து பாருங்க. அரைவாசிக்கு மேல விட்டா ஒரு நீண்ட இறக்கத்துல மொத்தமா இழுத்துக்கும், அந்தத் தண்ணி சிலிண்டருக்குள்ள போனா கொனெக்டிங் ரொட்டே வளையும்.

வடிச்சதைக் கானுல ஊத்தாதீங்க. நம்ம ஓடைத் தண்ணி எல்லாம் கொத்மலை ஓயாவுலதான் விழுது, தலவாக்கலை மேல் கொத்மலை அணையில போய் நிக்குது. ஒரு போத்தல்ல சேர்த்து வச்சு கழிவு ஒயில் எடுக்கிற சர்விஸ் நிலையத்துல குடுத்துடுங்க.

லிந்துலை_ஹேட்ச்:

நல்லதுண்ணே. ஹோஸும் ஒரு வழி வால்வும் ஹட்டன்ல தேடுறேன். கேனைப் பம்பர் ஓரத்துல இருந்து கொஞ்சம் உள்ளே, சூடு இருக்கிற பக்கம் மாத்தினா தண்ணி குறையுமா?

ஹட்டன்_ஸ்பேனர்:

தண்ணி குறையும், ஆனா ஒயில் பிடிக்கிறதும் குறையும். ஆவி குளிர்ந்தாத்தான் வலையில ஒட்டும். இருக்கிற இடத்துலயே விட்டுட்டு அடிக்கடி வடிக்கிறதுதான் என் அபிப்பிராயம். ஹட்டன்ல வால்வு வாங்குறப்போ வாயால ஊதிப் பார்த்து வாங்குங்க, ஒரு பக்கம் போகணும், மறுபக்கம் கொஞ்சம்கூடப் போகக் கூடாது. பூட்டின பிறகு ஐட்லிங்ல ஒயில் மூடியைத் திறந்து வாய் மேல மெல்லிய பொலித்தீன் ஒண்ணை வையுங்க. லேசா உள்ளே இழுத்துப் பிடிச்சா கிராங்க் கேஸ் ஒழுங்கா மூச்சு விடுது. வெளியே உப்பினா எங்கேயோ அடைப்பு, இங்க வந்து சொல்லுங்க.